பாட் லிமிட் ஒமாஹாவில் நல்ல சீட்டை எப்போது மடக்குவது?

போக்கரின் ஒரு வகையான பாட் லிமிட் ஒமாஹா பழக வருபவர்களோடு உட்கார்ந்து அவர்கள் ஆடிய ஆட்டங்களைத் திரும்பப் பார்க்கையில், பெரும்பணம் போன இடங்களில் மட்டமான சீட்டைக் காண்பது அரிது. செட்டும் (கையிலுள்ள ஜோடியோடு மேசையில் அதே சீட்டு சேர்ந்து மூன்று), ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையாக ஐந்து), கிங் ஃப்ளஷ்ஷுமே (கிங் தலைமையில் ஒரே சின்னத்தில் ஐந்து) இருக்கின்றன. கையில் இரண்டே சீட்டுகள் தரும் டெக்சாஸ் ஹோல்டெமில் செட் கிடைத்தால் துணிந்து ஆடிப் பழகியவர்கள், இங்கே ஒவ்வொருவரிடமும் நான்கு சீட்டுகள், அதாவது இரண்டிரண்டாகச் சேர்க்க ஆறு வழிகள் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

அதிகம் தடுமாறுவது மேசையில் நான்காவது பொதுச் சீட்டு விழும் டர்னில்தான். உங்கள் கையில் இரண்டு ஜாக், மேசையில் ஒரு ஜாக். டர்னில் மூன்றாவது ஹார்ட்ஸ் விழுகிறது. அதுவரை கால் மட்டுமே செய்துவந்தவர் (பிறர் கட்டியதற்கு ஈடாக மட்டும் போட்டவர்) திடீரென முழு பாட்டையும், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் தொகை அளவுக்கு, கட்டுகிறார். பாட்டில் 100 சிப்புகள் இருந்தன என்றால், நீங்கள் 100 போட்டு 200-ஐ வெல்லப் பார்க்கிறீர்கள். மூன்றில் ஒருமுறையாவது வென்றால்தான் கட்டுப்படியாகும். அவரிடம் ஃப்ளஷ் இருந்தால் உங்களைக் காப்பாற்றக்கூடியவை, மேசையில் ஜோடி சேர்த்து, ஃப்ளஷ்ஷை வெல்லும் ஃபுல் ஹவுஸை (ஒரே சீட்டு மூன்றும் ஒரு ஜோடியும்) உங்களுக்குத் தரும் ஒன்பது சீட்டுகளும் கடைசி ஜாக்கும். பார்க்காத 44 சீட்டுகளில் அந்த 10 என்பது ஏறத்தாழ 23 சதவீதம். குறையும் பங்கை ஈடுகட்ட, நீங்கள் வெல்லும்போதெல்லாம் ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) சராசரியாக இன்னும் 140 சிப்புகள் அவரிடமிருந்து வர வேண்டும். அதற்கு அவரிடம் அவ்வளவு மீதமிருக்க வேண்டும். மேசையில் ஜோடி விழுந்ததைக் கண்ட பிறகும் அவர் கொடுக்க வேண்டும். கவனமாக ஆடுபவர் கொடுக்கமாட்டார். ஆகவே அங்கேயே மடக்கிவிடுங்கள் என்றுதான் நான் வற்புறுத்துகிறேன்.

ஹார்ட்ஸ் ஏஸ் உங்களிடம் தனியாக இருந்தால் அவரிடம் நட் ஃப்ளஷ் (எல்லாவற்றிலும் உயர்ந்த ஃப்ளஷ்) இல்லை என்று பலர் ஆறுதல் கொள்வார்கள். ஆனால் அந்த ஏஸை மட்டும் வைத்துக்கொண்டு அவர் மிரட்டியிருக்கக்கூடிய வாய்ப்பும் அதனாலேயே அற்றுப்போகிறது.

இதைவிட ஏற்கக் கடினமானது, ஃபிளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டுகளில்) நட் ஸ்ட்ரெய்ட்டையே மடக்குவது. மேசையில் 9, 8, 7, அவற்றில் இரண்டு ஹார்ட்ஸ்; உங்களிடம் ஜாக்கும் 10-உம், மற்ற இரண்டும் உதவாத சீட்டுகள். எதிராளியிடம் அதே ஜாக், 10-ஓடு ஹார்ட்ஸ் ஏஸும் கிங்கும் இருந்தால், உங்களுக்கு அதிகபட்சம் கிடைப்பது பாதி பாட். முழுவதையும் வெல்லும் வாய்ப்பு அவருக்கு மட்டுமே. எதிரில் ஒருவர்தான், அவரிடம் சிப்புகளும் குறைவு என்றால் தயங்காமல் போடலாம். ஆழமான ஸ்டாக்கோடு (நிறைய சிப்புகளோடு) இருவர் மாறிமாறி ரெய்ஸ் செய்துகொண்டிருந்தால், டர்ன் வரை காத்திராமல் விலகுவதே சரி.