பூ போட்டுப் பார்ப்பதற்கு முன்னால்

"பூ போட்டுப் பார்த்தோம் டாக்டர். செவப்பு வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். பிரித்தால் உள்ளே வாடிப்போன ஒரு செவ்வரளி. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சந்நிதியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள்; வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். சாட்சிக்குக் கொண்டுவந்திருக்கிறார், நான் நம்பமாட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் மயிலாடுதுறையில் பொது மருத்துவர். இது நடந்தது முந்தின வருஷம் ஐப்பசியில். அவர் கணவருக்கு வயது 58, ஒரு வேலி நிலம், பதினோரு வருஷமாகச் சர்க்கரை. வரப்பில் வெறுங்காலோடு நடந்ததில் ஏதோ குத்தியிருக்கிறது. என்ன குத்தியது, என்றைக்குக் குத்தியது, ஒன்றும் தெரியாது, ஏனென்றால் வலிக்கவே இல்லை. துணி துவைக்கும்போது சாக்ஸில் வந்த நாற்றத்தை வைத்து அந்த அம்மாதான் கண்டுபிடித்திருக்கிறார். முதலில் காட்ட வந்தபோதே சுண்டுவிரல் நுனி கறுத்திருந்தது, விரலிடுக்கில் சீழ். விரலை எடுக்கவேண்டியிருக்கும், இன்றைக்கே சர்ஜனைப் பாருங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து வந்தது சர்ஜனின் பதில் இல்லை, அரளிப்பூ.

இருபது வருஷத்துக்கு முந்தைய நானாக இருந்திருந்தால் கத்தியிருப்பேன். ஒருமுறை கத்தியும் இருக்கிறேன். வைத்தீஸ்வரன்கோயிலுக்கு வாராவாரம் செவ்வாய்க்கிழமை போகிற ஒரு பெரியம்மா, அங்கே பிரசாதமாகத் தருகிற திருச்சாந்துருண்டை சாப்பிடுகிறேன், அதனால் மாத்திரையைக் குறைத்துக்கொண்டேன் என்றார். "அப்ப இனிமே அங்கேயே பாத்துக்குங்க, இங்க எதுக்கு வர்றீங்க" என்று சொல்லிவிட்டேன். பெரிய புத்திசாலித்தனமான பேச்சு என்று அப்போது நினைப்பு. அவர் எட்டு மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது மகன் கையைப் பிடித்து அழைத்து வந்தான், வலது கண்ணில் விழித்திரைக்குள் ரத்தக்கசிவு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மாதாமாதம் வந்திருப்பார், சர்க்கரை ஏறியது தெரிந்திருக்கும், ஒருவேளை கண்ணையும் முன்னாலேயே பார்த்திருக்கலாம். உருண்டை அவரைக் கெடுக்கவில்லை, நான் விரட்டியதுதான் கெடுத்தது என்று இப்போதும் எனக்குத் தோன்றும்.

அதனால் இந்த அம்மாவிடம் கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"சாமிகிட்ட என்னன்னும்மா கேட்டீங்க?"

"விரலை எடுக்கலாமா, வேணாமான்னு."

"சரி. வேணாம்னு வந்துடுச்சு. அதுக்கப்புறம் என்ன பண்றதா இருந்தீங்க?"

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் ஃபேனைப் பார்த்தார். "மாத்திரை சாப்ட்டு, கட்டு கட்டிக்கிட்டு... அப்படியே பாத்துக்கலாம்னு."

சிக்கல் அங்கேதான் இருந்தது. அவர்கள் மனதில் ஒரு பொட்டலத்தில் 'விரல் போகும்', இன்னொன்றில் 'விரல் இருக்கும்'. அப்படி இரண்டு பொட்டலம் அந்தச் சந்நிதியில் இல்லவே இல்லை. ஒன்றில் விரல் போகும், இன்னொன்றில் விரலோடு சேர்ந்து எவ்வளவு போகும் என்று தெரியாது, அவ்வளவுதான். சீட்டின் பின்பக்கத்தில் ஒரு பாதத்தை வரைந்து காட்டினேன். மாத்திரையும் ஊசி மருந்தும் ரத்தத்தில் ஏறித்தான் காலுக்குப் போகவேண்டும், செத்துப்போன இடத்துக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது, ஆனால் கிருமிக்கு அந்த இடம்தான் அறுசுவை விருந்து. அங்கிருந்து தசைநாரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். 'வேண்டாம்' என்று எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையைப் பொட்டலத்துக்குள் வைக்காமல் கட்டிவிட்டார்கள்.

"அப்ப நான் சாமிகிட்ட கேட்டதே தப்புங்களா?"

"கேட்டது தப்பில்லம்மா. கேள்வி பாதிதான் இருந்துச்சு."

அடுத்து, கும்பகோணத்தில் காட்டுவதா தஞ்சாவூருக்குப் போவதா என்று ஆரம்பித்தார்கள். இதற்கு வேண்டுமானால் தாராளமாகப் பூ போடுங்கள், இரண்டு இடத்திலும் ஒழுங்காகச் செய்வார்கள் என்றேன். அன்று சாயங்காலமே மாயூரநாதர் சந்நிதியில் போட்டுப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒரு விரல் இரண்டு விரலாகிப் போனது. நான்கு நாள் தள்ளிப்போட்டதால்தான் என்று என்னால் அடித்துச் சொல்லமுடியாது, ஆனால் கால் மிஞ்சியது.

பூ போடுவதை நான் கிண்டல் செய்வதில்லை. எந்தப் பொட்டலம் வந்தாலும் உங்களால் தாங்கமுடியும் என்கிற விஷயங்களுக்கு அது நல்ல வழிதான், வீட்டுச் சண்டையாவது மிச்சம். (இரண்டு மாப்பிள்ளைகளுக்கு நடுவே பூ போடுவது பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, மருத்துவம் இல்லை என்பதால் விடுகிறேன்.) நல்ல நேரம் பார்ப்பதும் அப்படித்தான். கண்புரை ஆபரேஷனை அஷ்டமி, நவமி தாண்டி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குடிமுழுகிப்போகாது. ஆனால் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், வாய் கோணி ஒரு கை தூக்கவராமல் போன ஒருவரை, ராகு காலம் முடிந்து மூன்று மணிக்கு மேல்தான் வீட்டைவிட்டுக் கிளப்பினார்கள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும், அதிலும் சீக்கிரம் போடப்போடத்தான் பலன். ராகு காலம் ஒன்றரை மணி நேரம். நாலரையில் மூன்றில் ஒரு பங்கு வாசற்படியிலேயே போய்விட்டது, பாக்கியில் தஞ்சாவூர் ரோடு வேறு.

இனி விரதம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வருஷா வருஷம் கந்த சஷ்டி ஆறு நாளும் எனக்குத் தூக்கம் போகிறது.

விரதம் இருப்பவர்களில் இரண்டு வகை. ஒரு வகை, சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையை விடாமல் போடுகிறவர்கள். "மாத்திரையை மட்டும் விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்பார்கள், உண்மைதான், நான்தான் சொன்னேன், சாப்பாட்டோடு சேர்த்துச் சொன்னேன். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, கணையத்தைப் பிழிந்து இன்சுலினை இறக்கிக்கொண்டே இருக்கும். சஷ்டியின் நான்காம் நாள், காலையில் வெறும் வயிற்றில் இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போன ஒருவருக்குப் பதினோரு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, என்னமோ உளற ஆரம்பித்திருக்கிறது. சுற்றி இருந்தவர்கள் சாமி வந்திருக்கிறது என்று விபூதி பூசி, கற்பூரம் காட்டி, ஒருவர் குறிகூடக் கேட்டாராம். என்னிடம் தூக்கிவரும்போது சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்து, "பூசை முடிஞ்சிடுச்சா?" என்றார். இந்த மாத்திரையால் இறங்கின சர்க்கரை, ஏற்றிவிட்ட பிறகும் மறுபடி இறங்கும், அதனால் அவரை ஒருநாள் முழுக்க வைத்துப் பார்க்கவேண்டியிருந்தது.

விரத நாளில் வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீரென்று எரிச்சல், பேச்சுக் குழறல் எது வந்தாலும் முதலில் விரல் நுனியில் குத்திப் பாருங்கள். அதனால் விரதம் கலையாது. 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஆள் மயங்கிக் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தீர்த்தம் உள்பட, மூச்சுக்குழாயில் போய்விடும். நெற்றியில் விபூதி பூசிக்கொண்டே 108க்குப் போன் செய்யலாம்.

இன்னொரு வகை, மாலை போட்ட அன்றிலிருந்து மாத்திரையையும் சேர்த்து நிறுத்துகிறவர்கள். இவர்கள் சொல்கிற ஒன்றை நான் மதிக்கிறேன்: "மாத்திரை போடாமலே சுகர் இறங்கிடுச்சு டாக்டர்." சிலருக்கு உண்மையிலேயே இறங்கியிருக்கும். 41 நாள் குடி இல்லை, சிகரெட் இல்லை, ராத்திரி பரோட்டா இல்லை, விடியற்காலை எழுந்து குளியல், பஜனைக்கும் கோயிலுக்கும் நடை. நான் பத்து வருஷமாகத் தொண்டை வறளச் சொல்லியும் நடக்காததை ஐயப்பன் ஒரு மண்டலத்தில் நடத்திக்காட்டிவிடுகிறார், எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனால் இறங்கியதற்குக் காரணம் மாத்திரையை நிறுத்தியதுதான் என்று கணக்குப் போட்டால், தை மாதம் மாலையைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் பழையபடி ஆரம்பிக்கும்போது மாத்திரை மட்டும் திரும்பி வராது. கிட்டத்தட்ட மூன்று மாதச் சராசரியைச் சொல்கிற ஹெச்பிஏ1சி, பங்குனியில் எடுத்துப்பார்த்தால் கதையைச் சொல்லிவிடும். இன்சுலின் போடுகிறவர்கள் தாமாக நிறுத்துவது வேறு ரகம், அது ஒரு வாரத்திலேயே ஐசியுவில் கொண்டுபோய் விடும்.

ஏகாதசி அன்று சோறு கிடையாது என்று சொல்லிவிட்டு ஜவ்வரிசிக் கிச்சடி, எட்டு தோசை, நேந்திரம்பழம் சாப்பிடுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. என் அம்மா இதைப் படிப்பார்.

விரதத்துக்கு ஒரு வாரம் முன்னால் வந்து, "இத்தனை நாள் இருக்கப்போறேன், எந்த வேளை சாப்பிடுவேன், எதை மாத்தணும்" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு வழி பண்ணித் தரமுடியும். மாத்திரையின் அளவை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம், சில மாத்திரைகளை அந்த நாட்களுக்கு மட்டும் நிறுத்தலாம். நீடூரிலிருந்து வருகிறவர்கள் ரமலானுக்கு முன்னால் இதைச் சரியாகச் செய்கிறார்கள். குர்ஆனிலேயே (2:185) நோயாளிக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் வேறு நாளில் நோற்றுக்கொள்ளச் சலுகை இருக்கிறது. கத்தோலிக்கச் சபையின் உபவாசச் சட்டம் 18 வயதிலிருந்து 59 வரைதான். நம் பக்கத்தில்தான் எழுபது வயசுப் பாட்டி, சாமி கோவிச்சுக்கும் என்று பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் கிடக்கிறார்.

அப்புறம் கால். டெல்டாவில் நடைக்குப் பஞ்சமில்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்னாலிருந்தே காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள், சித்திரை வெயிலில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நடந்து வருகிறார்கள், கார்த்திகையில் மாலை போட்டவர்கள் ஊர் முழுக்க வெறுங்காலில். என் மேசையில் ஒரு நைலான் இழை இருக்கிறது, தூண்டில் நரம்பு மாதிரி, பாதத்தில் வைத்து அழுத்தினால் பத்து கிராம் விசையில் வளையும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி அங்கங்கே தொடுவேன், "தெரியுது, தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வருகிறவர்கள் பெருவிரல் அடியில் சத்தம் போடாமல் இருந்தால் அந்தக் கால் காவல் இல்லாத வீடு. தார் ரோடு சுடுவது அந்தக் காலுக்குத் தெரியாது. கொப்புளம் வந்து, உடைந்து, மண் புகுந்து, மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தால்தான் தெரியும். நடக்கப்போகிறவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள், ஐந்து நிமிஷ வேலை. உணர்ச்சி இல்லை என்றால் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்போடு நடங்கள், ராத்திரி ராத்திரி இன்னொருவரை விட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"சாமி காரியத்துக்குச் செருப்பா?" என்று கேட்பவர்களுக்கு நான் முடவன் முழுக்கைச் சொல்வேன். எங்கள் ஊரில் காவிரியின் துலாக்கட்டத்துக்கு ஐப்பசி முழுக்க நீராட வருவார்கள், கடைசி நாள் கடைமுழுக்கு. நடக்கமுடியாத ஒருவர் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தபோது ஐப்பசியே முடிந்துவிட்டது, அழுதவருக்காகச் சிவன் கார்த்திகை முதல் நாளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார் என்பது கதை. ஒரு காலுக்காகக் காலண்டரையே தள்ளிவைத்தவர் ஒரு ஜோடி ரப்பர் செருப்புக்காகவா முகத்தைத் திருப்பிக்கொள்ளப்போகிறார் என்பேன். இதற்கு எதிர்வாதம் இதுவரை யாரும் சொன்னதில்லை, மாயவரத்துக்காரர்களாக இருந்தால்.

இரண்டு விரல் போனவர் அந்த வருஷம் கடைமுழுக்குக்குப் போகமுடியவில்லை, புண் ஆறவில்லை, முடவன் முழுக்குக்கும் நான் விடவில்லை. போன வருஷம் கடைமுழுக்கு அன்று துலாக்கட்டத்துக் கூட்டத்தில் அவர்களைப் பார்த்தேன். மனிதர் தண்ணீர் தொடுகிற படி வரைக்கும் எம்.சி.ஆர். செருப்போடு இறங்கிக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஒரு பெரியவர் முறைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, "செருப்போட எறங்கலாமான்னு பூ போட்டுப் பாத்துட்டேன் டாக்டர், வெள்ளை வந்துச்சு" என்றார்.

"செவப்பு வந்திருந்தா?"

"மறுபடி போட்டிருப்பேன்."