காலம் சார்ட்: தூண் விளக்கப்படம்

நிமிர்ந்து நிற்கும் செவ்வகங்களின் உயரத்தைக் கொண்டு அளவுகளை ஒப்பிட்டுக் காட்டும் படம்தான் காலம் சார்ட். கிடை அச்சில் மாதம், மாவட்டம், பயிர் என்று ஏதாவது ஒரு வகைப்பாடு இருக்கும். செங்குத்து அச்சில் எண்கள் இருக்கும். இதில் வரும் ‘காலம்’ நேரத்தைக் குறிப்பதல்ல, column என்ற ஆங்கிலச் சொல். ஆனால் தமிழில் எழுதினால் நேரம் என்றுதான் படிக்கத் தோன்றுகிறது. ஆண்டுவாரி மழையளவுக்குப் படம் போட்டு, மேலே ‘காலம் சார்ட்’ என்று எழுதினால் குழப்பம்தான். தமிழ்ச் சொல் தேட இந்த ஒரு காரணமே போதும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் மொழியின் ‘கொலும்னா’. பொருள், தூண். செய்தித்தாளின் பத்தி, அட்டவணையின் நெடுவரிசை எல்லாம் அதே சொல்லிலிருந்து பின்னால் கிளைத்த பொருள்கள். படத்துக்கு வந்தது தூண் என்ற மூலப்பொருள்தான். அட்டவணையோடு அதற்குத் தொடர்பில்லை.

படத்தின் கதை வேறு. வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786இல் வெளியிட்ட நூலில், ஸ்காட்லாந்து 17 இடங்களோடு நடத்திய ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டைகளாக வரைந்தார். கையில் ஒரே ஓர் ஆண்டுக் கணக்குதான் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் கோடு வரைய வழியில்லை, அதனால் பட்டை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டைகள் நிற்கவில்லை, படுத்திருந்தன.

நிற்பதா, படுப்பதா என்ற இந்த வேறுபாடு ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களில், அதாவது இணையப் பக்கத்தில் படம் வரைய உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகளில், இன்றும் ஒழுங்காகத் தீரவில்லை. கூகுள் சார்ட்ஸில் நிற்பதற்குக் காலம் சார்ட், படுப்பதற்கு பார் (bar, பட்டை) சார்ட் என்று தனித்தனி வகைகள் உண்டு. ஹைசார்ட்ஸிலும் இரண்டு பெயர்கள் உண்டு. ஆனால் உள்ளே பார்த்தால், அச்சுகளைத் திருப்பிப் போட்ட ‘காலம்’தான் அங்கே ‘பார்’. சார்ட்.ஜேஎஸ்ஸில் ‘காலம்’ என்ற வகையே கிடையாது. ‘பார்’ என்று எழுதினால் நிமிர்ந்துதான் நிற்கும். படுக்க வைக்க, வகைகளுக்கான அச்சை ‘ஒய்’ என்று மாற்ற வேண்டும். அதன் பழைய பதிப்பில் படுக்கைப் பட்டைக்கென்று தனி வகை இருந்தது, மூன்றாம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஒரு நூலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘பட்டை விளக்கப்படம்’ உண்டு. இலங்கையில் ‘சலாகை வரைபு’ என்பார்கள். இரண்டும் நல்ல சொற்கள், ஆனால் இரண்டும் பட்டையின் திசையைச் சொல்வதில்லை. ‘நெடுவரிசைப் படம்’ என்பது அட்டவணையை நினைத்துக்கொண்டு செய்த மொழிபெயர்ப்பு. ‘நிரல் படம்’ இன்னும் சிக்கல். நிரல் என்றால் ஒழுங்கு, வரிசை. கணக்குப் புத்தகத்தில் அணியின் (மேட்ரிக்ஸ்) செங்குத்து வரிசைக்கு அதுதான் பெயர். கணினிக்காரர்களுக்கோ நிரல் என்றால் புரோகிராம். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவரிடம் ‘நிரல் படம்’ என்றால் ஏதோ ஃப்ளோசார்ட் கேட்கிறோம் என்று நினைப்பார்.

என் தேர்வு ‘தூண் விளக்கப்படம்’. வேர்ப்பொருளோடு ஒத்துப்போகிறது, நிமிர்ந்து நிற்பதையும் சொல்லிவிடுகிறது. இன்னொரு பயனும் உண்டு. தூண் தரையிலிருந்துதான் எழும்ப வேண்டும். இந்தப் படத்திலும் அளவு அச்சு பூச்சியத்தில் தொடங்குவதே முறை. 95, 100 என்ற இரு மதிப்புகளை 90இலிருந்து வரைந்தால், இரண்டாவது தூண் முதலாவதைப் போல் இரு மடங்கு உயரமாகத் தெரியும். உண்மை வேறுபாடு ஐந்து சொச்சம் விழுக்காடுதான். சார்ட்.ஜேஎஸ் இந்த வகைக்குப் பூச்சியத்தைத் தானாகவே வைத்துக்கொள்கிறது, கோட்டுப்படத்துக்கு அப்படிச் செய்வதில்லை.

பட்டைகளுக்கு இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும் படம் வேறு. அது நிகழ்வுச் செவ்வகம் (ஹிஸ்டோகிராம்), தொடர்ச்சியான அளவுகளுக்கானது. தூண் படத்தில் இடைவெளி இருக்கும்.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. ஒரே வகைக்குள் பக்கம் பக்கமாக நிற்பவை தொகுப்புத் தூண்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் அடுக்குத் தூண். எல்லாத் தூணையும் நூறு விழுக்காட்டுக்குச் சமமாக்கி, பங்குகளை மட்டும் காட்டினால் விழுக்காட்டு அடுக்குத் தூண். நிரலுக்குள் எழுதும் கட்டளைப் பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும். படத்தின் தலைப்பிலும் பயனர் கையேட்டிலும் இந்தப் பெயர்களைத் தாராளமாகப் போடலாம்.