இதயம் தயார், கால்கள் தயாரா? நெடுந்தூரக் குதிரைச் சவாரிக்கு முன்

நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளின் நடுவே ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு குதிரைகளைச் சோதிக்கும் இடத்தை 'வெட் கேட்' என்பார்கள். அங்கே நிற்கும் கால்நடை மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பாதியில் நிறுத்தப்படும் குதிரைகளில் பெரும்பாலானவை நொண்டுவதால்தான் நிறுத்தப்படுகின்றன. மூச்சும் நாடியும் நன்றாக இருக்கும், கால் மட்டும் கைவிட்டுவிடும். அந்தக் கால் அன்று காலையில் கெட்டதல்ல. பல மாதங்களுக்கு முன்பே, அவசர அவசரமாகப் பழக்கியபோதே அதற்கு விதை போட்டாகிவிட்டது.

காரணம் எளிது. பயிற்சி தொடங்கி இரண்டு மூன்று மாதங்களிலேயே குதிரையின் இதயமும் நுரையீரலும் தசைகளும் நன்றாகத் தேறிவிடும். தசைநாண்களும் (தசையை எலும்போடு பிணைப்பவை) தசைநார்களும் (எலும்பை எலும்போடு பிணைப்பவை) வலுப்பெற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். எலும்பும் குளம்பும் அதைவிட மெதுவானவை. ஆக, மூன்றாவது மாதத்தில் குதிரை துள்ளிக்கொண்டு ஓடும். சவாரிக்காரருக்கும் 'இது தயார்' என்று தோன்றும். உண்மையில் அதுதான் ஆபத்தான காலம். இதயம் எவ்வளவு தூரம் ஓடச் சொல்கிறதோ, அவ்வளவு தூரத்தைக் கால்கள் இன்னும் தாங்கா.

அமெரிக்காவின் டெவிஸ் கப் என்ற நெடுந்தூரக் குதிரைப் போட்டி 1955இல் தொடங்கியது. சியரா நெவாடா மலைகளைக் கடந்து 100 மைல், அதாவது 160 கிலோமீட்டரை, 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆறு வயது நிறையாத குதிரைக்கு அங்கே அனுமதியே இல்லை. அப்படியிருந்தும் கிளம்புகிற குதிரைகளில் ஏறக்குறைய பாதி முடிப்பதில்லை. முடிப்பதே வெற்றி என்பது அந்த நாட்டு நெடுந்தூரச் சவாரிக்காரர்கள் வைத்திருக்கும் கொள்கை. இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

புதிய குதிரை என்றால் முதல் சில மாதங்கள் நடையும் மெதுவான ட்ராட்டும் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம்) போதும். தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். வேகத்தைக் கூட்டும் வாரத்தில் தூரத்தைத் தொடாதீர்கள். வாரத்தில் ஒரு நீண்ட சவாரி, இரண்டு நடுத்தரச் சவாரி, முடிந்தால் ஒரு நாள் மேடேற்றம். மற்ற நாட்களில் லாயத்தில் கட்டிப் போடாமல் மேய்ச்சலில் அவிழ்த்து விடுங்கள். தினமும் காலையில் நான்கு கால்களையும் கையால் தடவிப் பாருங்கள். நேற்று இல்லாத சூடு, வீக்கம் எங்கேயாவது இருக்கிறதா? இருந்தால் அன்றைய சவாரி ரத்து. நொண்டல் வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு குதிரைகளைச் சேர்த்துப் பழக்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. எப்போதும் ஜோடியாகவே கூட்டிப் போகாதீர்கள். வெட் கேட்டில் ஒன்று முன்னால் போய்விட்டால் மற்றது கனைத்துக்கொண்டே நிற்கும். உடலில் எந்தக் கோளாறும் இல்லாமலே நாடி இறங்க மறுக்கும்.

வெட் கேட்டில் மருத்துவர்களான நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று தெரிந்தால் வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை. சுற்று முடிந்து வந்த குதிரைக்கு, குறித்த நேரத்துக்குள் நாடி இறங்கியாக வேண்டும். பல போட்டிகளில் அந்த எல்லை 64. அப்புறம் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. நாடி 60 என்று வைத்துக்கொள்வோம். குதிரையை 40 மீட்டர் ட்ராட்டில் கூட்டிப் போய்த் திரும்ப வரச் சொல்வோம். ஓடத் தொடங்கியதிலிருந்து சரியாக ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுவோம். 60, அல்லது அதற்கும் கீழே என்றால் நிம்மதி. 68, 72 என்று ஏறியிருந்தால் குதிரை எதையோ மறைக்கிறது: வலியாக இருக்கலாம், நீரிழப்பாக இருக்கலாம், வெறும் களைப்பாகவும் இருக்கலாம். ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கி, குதிரையின் முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் வைத்து எண்ணப் பழகுங்கள். ஒவ்வொரு நீண்ட சவாரிக்குப் பிறகும் எழுதி வையுங்கள். வேறு எந்தக் கருவியையும்விட அந்த நோட்டு அதிகம் சொல்லும்.

ஈறையும் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். விலாவுக்குப் பின்னால் காது வைத்தால் குடல் இரைச்சல் கேட்க வேண்டும். குடல் அடங்கிப்போன குதிரையைக் கண்டால் எனக்கு நொண்டும் குதிரையைவிடப் பயம் அதிகம்.

வியர்வையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெயிலில் ஓடும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வையாக இழக்கலாம். அதில் உப்பு நம் வியர்வையைவிட மிக அதிகம். நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் இரத்தத்தின் உப்பு அடர்த்தி ஏறுவதில்லை. தாகம் எடுப்பதும் இல்லை. உடல் வற்றிக்கொண்டிருக்கும், குதிரையோ தொட்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால்தான் வழியில் எலக்ட்ரோலைட் (உப்புக் கலவை) கொடுக்கிறோம். ஆனால் தண்ணீர் குடிக்கிற குதிரைக்கு மட்டும். குடிக்காத குதிரையின் வாயில் உப்புக் குழம்பைத் திணித்தால் உடம்பில் இருக்கிற நீரையும் அது குடலுக்கு இழுத்துவிடும். போட்டிக்கு நான்கு நாள் முன்பிருந்தே உப்பை ஏற்றி வைப்பதும் பலிக்காது. சேர்த்து வைக்க முடியாததைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

நம்ம ஊரில் ஆழமாக வேரூன்றிய இரண்டு நம்பிக்கைகளை விட்டுவிடுங்கள். சூடாக இருக்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது ஒன்று. குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பது இன்னொன்று. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெக்கையை நினைத்துக் கவலைப்பட்டு நடந்த ஆராய்ச்சிகள் இந்த இரண்டாவதைத் தெளிவாகவே தீர்த்துவைத்தன. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய குதிரைக்கு நிறுத்தாமல் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் மருந்து.

தீவனத்தில் அடிப்படை புல்தான். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை உலர்ந்த நார்த்தீவனம் தினமும் உள்ளே போக வேண்டும். பெருங்குடலில் அந்த நார் நீரைப் பிடித்து வைத்து, ஓட்டத்தின்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். போட்டிக்கு முந்தைய நாள் 'தெம்பு வேண்டும்' என்று கொள்ளையும் தானியத்தையும் இரட்டிப்பாக்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். திடீர் மாற்றம் வயிற்றுவலியில்தான் போய் முடியும். சக்தி கூட்ட வேண்டுமென்றால் சில வாரங்களுக்கு முன்பே சமையல் எண்ணெயைச் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம்.

சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பாருங்கள். எல்லாப் பக்கமும் வியர்த்திருக்க, நடுவில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் காய்ந்த திட்டு தெரிந்தால் சேணம் அங்கே அழுத்துகிறது. பயிற்சியில் முதுகின் வடிவமே மாறுவதால் ஆறு மாதத்துக்கு முன் பொருந்திய சேணம் இன்று பொருந்தும் என்று நம்ப முடியாது. போட்டி நாளில் புதிய சேணம், புதிய வார் எதுவும் வேண்டாம். லாடம் ஓரிரு வாரத்துக்கு முன்பே அடித்திருக்கட்டும்.

சவாரிக்காரரின் உடம்பும் இதே கணக்குத்தான். ஐந்தாவது மணி நேரத்தில் இடுப்பு தளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறீர்கள் என்றால், மிச்சமுள்ள ஒவ்வொரு அடியிலும் அந்தக் கோணலைக் குதிரையின் முதுகு சுமக்கிறது. முதுகு வலி பிறகு நொண்டலாக வந்து நிற்கும். வயிற்றுத் தசையையும் தொடையையும் பலப்படுத்துங்கள். செங்குத்தான இறக்கத்தில் இறங்கிக் குதிரையோடு நடந்து போகும் அளவுக்காவது ஓட்டப் பயிற்சி இருக்கட்டும். உங்களுக்கும் தண்ணீர், உப்பு, சாப்பாடு நேரத்துக்குப் போக வேண்டும். நீர் வற்றிய ஆள் எடுக்கும் முடிவுகள் மோசமாக இருக்கும். 'இன்னும் ஒரு சுற்று தாங்கும்' என்ற முடிவு பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வருகிறது.

போட்டியின் முடிவுக் கோட்டைக் கடந்த பிறகும் அன்றிரவு தூங்கப் போகாதீர்கள். குதிரை தின்கிறதா, குடிக்கிறதா, சாணம் போட்டதா என்று பாருங்கள். நாடியோடு சேர்ந்து விலா துடித்தால் உப்புச் சமநிலை கெட்டிருக்கிறது என்று அர்த்தம்; மருத்துவரைக் கூப்பிடுங்கள். பின்தொடை கல்லாக இறுகி, சிறுநீர் காபி நிறத்தில் வந்தால் 'நடந்தால் சரியாகிவிடும்' என்று ஓரடிகூட நடத்தாதீர்கள். நின்ற இடத்திலேயே நிற்க வைத்து, மருத்துவரை அங்கே வரவழையுங்கள்.