மலிவுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் மாதத்தின் முதல் வாரம் முடியும்போது கடைத்தெருவின் நடையே மாறிவிடுகிறது. ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தொழிலாளியின் கைக்கு வந்துவிட வேண்டும் என்று 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் சொல்வதால், சுற்றியுள்ள செம்பனை, ரப்பர் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் மோட்டார் சைக்கிளிலும் காடியிலும் வந்து மாதச் சாமான் வாங்குவது பெரும்பாலும் அந்த நாள்களில்தான். பேரங்காடிகளும் ஒரே விலைக் கடைகளும் பழைய விலையைக் கோடிட்டு அடித்து, அதன் கீழே புதிய விலையைப் பெரிதாக எழுதிய மஞ்சள் அட்டைகளைத் தொங்கவிடுவதும் அந்த நாள்களில்தான்.

அந்த அட்டைகளில் எது உண்மையான மலிவு, எது மலிவைப் போலத் தோன்றுவது என்பதைப் பிரித்தறிய நான் பல ஆண்டுகளாகக் கைக்கொண்டுவரும் வழி ஒன்றே. ஒரு பொருள் உண்மையிலேயே மலிவாக விற்கப்படுகிறது என்றால், அப்படி விற்க வேண்டிய காரணம் கடைக்காரருக்கு இருந்தே ஆக வேண்டும். பருவம் முடிந்திருக்கலாம், காலாவதித் தேதி நெருங்கியிருக்கலாம், பொட்டலத்தின் வடிவம் மாறியிருக்கலாம், விளம்பரச் செலவு இல்லாத சொந்த முத்திரைச் சரக்காக இருக்கலாம். அந்தக் காரணத்தை நம்மால் பெயர் சொல்லிக் குறிப்பிட முடியவில்லை என்றால், அளவோ தரமோ குறைக்கப்பட்டிருக்கிறதா, கோடிட்டு அடிக்கப்பட்ட பழைய விலை கூட்டி எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

பழைய விலை என்னும் அந்த எண் நம் அறிவின் மேல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஆமோஸ் டிவர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 0 முதல் 100 வரை எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அது 10இல் அல்லது 65இல் மட்டுமே நிற்கும்படி செய்துவிட்டு, ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் உள்ள நாடுகளில் எத்தனை விழுக்காடு ஆப்பிரிக்க நாடுகள் என்று அவர்கள் கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்களின் நடுமதிப்பு விடை 25. 65இல் நின்றதைப் பார்த்தவர்களின் நடுமதிப்பு விடை 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தும், முதலில் கண்ணில் பட்ட எண் நங்கூரம் போல மனத்தைப் பிடித்துக்கொண்டது. கடையில் 19.90 வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதிக் கோடிட்டு, கீழே 9.90 என்று எழுதினால், அந்தப் பொருளின் மதிப்பைப் பற்றிய நம் எண்ணம் 19.90இலிருந்துதான் தொடங்குகிறது. பக்கத்துக் கடையில் அது எப்போதும் 9.50க்கே விற்கப்படுகிறது என்ற செய்தியை அந்த அட்டை நமக்குச் சொல்வதில்லை.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வாங்கிய பொருள் தரும் பயன் வேறு, நல்ல பேரத்தில் வாங்கினோம் என்ற நிறைவு வேறு என்று பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985இல் பிரித்துக் காட்டினார். இந்த இரண்டாவது நிறைவு எவ்வளவு வலிமையானது என்பதை அமெரிக்காவின் ஜே.சி.பென்னி பேரங்காடி பெரும் இழப்புக்குப் பின்னரே உணர்ந்தது. 2012இல் அந்நிறுவனம் விலைக் கழிவுச் சீட்டுகளையும் ஓயாத மலிவு விற்பனைகளையும் நிறுத்திவிட்டு, எல்லா நாளும் ஒரே குறைந்த விலை என்று அறிவித்தது. விலைப்பட்டை முன்னைவிட நேர்மையானதாக இருந்தும், அந்த ஓராண்டில் விற்பனை ஏறத்தாழக் காற்பங்கு சரிந்தது. 2013இல் தலைமை நிர்வாகி நீக்கப்பட்டார், கழிவுகளும் திரும்பி வந்தன. மக்கள் தேடி வந்தது குறைந்த விலையை மட்டுமன்று, குறைக்கப்பட்ட விலையை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. வெயிலில் நாள் முழுவதும் குலை வெட்டியவருக்குக் கடையில் கிடைக்கும் சிறு வெற்றி பெரிய ஆறுதல்தான். ஆனால் அதற்காக அவர் கூடுதல் விலை கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது.

9இல் முடியும் விலைகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. இடமிருந்து வலமாகப் படிக்கும் கண் முதல் இலக்கத்தைப் பிடித்துக்கொள்வதால், 2.99 நமக்கு மூன்றைவிட இரண்டுக்கு நெருக்கமாகப் படுகிறது. அமெரிக்காவில் எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமஸ்டர் இருவரும் ஒரே உடையை 34, 39, 44 டாலர் என்று மூன்று விலைகளில் விற்பனைப் பட்டியல்களில் அச்சிட்டுச் சோதித்தபோது, விலை குறைந்த 34ஐவிட 39 டாலர் உடையே அதிகம் விற்றது. மலேசியாவில் இதற்கு ஒரு தனி விளைவும் உண்டு. 2008 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை கிட்டிய 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. ஆகவே 2.99 வெள்ளிப் பொருள் ஒன்றை மட்டும் ரொக்கத்துக்கு வாங்குபவர் 3 வெள்ளியைத்தான் கொடுக்கிறார். குறைந்ததாகச் சொல்லப்பட்ட அந்த ஒரு சென் அவர் பைக்குத் திரும்புவதே இல்லை.

இவற்றிலிருந்து மீள்வதற்கு மன உறுதியைவிடக் கணக்கே நம்பகமான துணை. அந்தக் கணக்கில் முதன்மையானது அலகு விலை, அதாவது 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிலிட்டருக்கு என்ன விலை என்பது. 2.3 கிலோ சலவைத் தூள் 16.90 வெள்ளி, 750 கிராம் பை 4.90 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பெரிய பைதான் மலிவு என்று கை தானாகவே அதன் பக்கம் போகும். வகுத்துப் பார்த்தால் பெரிய பையில் 100 கிராம் ஏறத்தாழ 73 சென், சின்னப் பையில் 65 சென். பெரிய பொட்டலம் மலிவாக இருக்கும் என்ற நம் நம்பிக்கை பல பொருள்களில் சரிதான். ஆனால் அந்த நம்பிக்கை இருப்பது கடைக்கும் தெரியும் என்பதால், வகுக்காமல் எடுக்கக் கூடாது.

ஒரே விலைக் கடைகளில் இந்தக் கணக்கு இன்னும் அவசியமாகிறது. விலையை நிலையாகக் கட்டிப்போட்ட கடையில், உற்பத்திச் செலவு ஏறும்போது மாற்றக்கூடியதாக மிஞ்சுவது பொருளின் அளவும் தரமும்தான். அதனால் அங்கே விற்கப்படும் பல பொட்டலங்கள் அந்த விலைக்குப் பொருந்தும் அளவில் நிரப்பப்பட்டவை. 100 கிராம் மல்லித்தூள் 2.40 வெள்ளிக்கு அங்கே கிடைத்து, மளிகைக் கடையில் 250 கிராம் 4.75க்குக் கிடைத்தால், 100 கிராமுக்கு 2.40க்கு எதிராக 1.90 என்று மளிகைக் கடையே வெல்கிறது. மாறாக, துணி மாட்டும் கொக்கி, நெகிழி வாளி, கண்ணாடிக் குவளை, பள்ளிக்கூட அட்டை போன்ற, உள்ளே குறைக்க அதிகம் இல்லாத பொருள்களில் அதே கடை மிக நல்ல இடம். தகரத்தில் அடைத்த மீன் போன்ற உணவு என்றால் மொத்த எடையோடு, நீரோ குழம்போ வடித்தபின் நிற்கும் எடையும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாம் காசு கொடுப்பது மீனுக்காக. சேர்மானப் பட்டியலையும் ஒரு கண் பார்த்துவிடலாம். அது எடையின் இறங்கு வரிசையில் எழுதப்படுவதால், பழச்சாறு என்று நினைத்து எடுத்த பானத்தில் முதலில் தண்ணீரும் அடுத்துச் சர்க்கரையும் நின்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

தரம் என்பது எடையைப் போல அட்டையில் தெரியாது. ஆனாலும் சில பொருள்களில் அது குறியீடாகவே எழுதப்பட்டிருக்கிறது. பேட்டரியை எடுத்துக்கொள்வோம். ஏஏ அளவு பேட்டரியின் உடலில் ஆர்6 என்று இருந்தால் அது துத்தநாக-கார்பன் வகை. எல்ஆர்6 என்று இருந்தால் அது அல்கலைன் வகை. இந்த எழுத்து அனைத்துலகத் தரக் குறியீடு, எந்த முத்திரையிலும் மாறாது. மோட்டார் பொருத்திய விளையாட்டுப் பொருள் போல நிறைய மின்னோட்டம் இழுப்பவற்றில் அல்கலைன் பல மடங்கு நேரம் தாங்கும் என்பதால், மலிவான ஆர்6 அங்கே வீண் செலவு. சுவர்க் கடிகாரமோ மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுப்பது. அதற்கு ஆர்6 போதும், அதுவே உண்மையான மலிவு. ஒரே பேட்டரி ஒரு வீட்டிலேயே ஓரிடத்தில் மலிவாகவும் இன்னோரிடத்தில் விலை உயர்ந்ததாகவும் ஆகிறது.

மின்சாதனங்களில் இந்தப் பாடத்தை நான் பட்டுத்தான் கற்றேன். பட்டணத்துக் கடை ஒன்றில் பாதி விலைக்குக் கிடைத்த நீட்டிப்புக் கம்பி ஒன்றை மகிழ்ச்சியோடு வாங்கி வந்து, அதில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலைச் செருகினேன். சில நாள்களில் செருகியைச் சுற்றி நெகிழி பழுப்பேறி, தீய்ந்த வாடை வந்தது. இதன் இயற்பியல் எளியது. 230 வோல்ட்டில் 2,000 வாட் கேத்தல் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. கம்பியின் உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பைப் பாதியாக்கினால் அதன் மின்தடை இரட்டிப்பாகிறது. அதே மின்னோட்டத்தில் பிறக்கும் வெப்பமும் இரட்டிப்பாகிறது. தடித்த உறைக்குள் மெல்லிய செம்பை வைத்துவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது, விலை மட்டும் குறையும். காரணம் இல்லாத மலிவின் தெளிவான வடிவம் இதுதான். சிரிம் என்னும் தரச் சான்று நிறுவனத்தின் ஒட்டுவில்லை இல்லாத செருகியையோ நீட்டிப்புக் கம்பியையோ எவ்வளவு கழிவு கொடுத்தாலும் நான் இப்போது தொடுவதில்லை. பலகைச் சுவர் கொண்ட பழைய லயத்து வீடுகளில் வாழ்பவர்கள் தொடவே கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி, காரணம் உள்ள மலிவுகளுக்கு வருவோம். தேதி நெருங்கிய உணவு அவற்றில் முதன்மையானது. குறிப்பிட்ட நாளுக்கு முன் சிறப்பாக இருக்கும் என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் சுவை, மொறுமொறுப்பு ஆகியவற்றைப் பற்றிய உறுதிமொழி. தாரிக் லுபுட் என்னும் காலாவதித் தேதி அதைவிடக் கண்டிப்பானது. ஒரு வாரத்தில் தின்று தீர்க்கும் பிஸ்கட்டுக்கு முதல் வகைத் தேதி நெருங்கியிருப்பது நல்ல பேரம். தகரம் நசுங்கியதற்காகக் கழிவு கொடுத்தால், நசுங்கல் எங்கே என்று பார்க்க வேண்டும்: மூடியும் உடலும் சேரும் மடிப்பில் நசுங்கியிருந்தால் காற்றுப் புகாத அடைப்பு விட்டிருக்கக்கூடும், உப்பிய தகரமோ உள்ளே நுண்ணுயிர் வளர்ந்ததன் அடையாளமாக இருக்கக்கூடும். இரண்டையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பதிலும் காரணம் உண்டு, கடை சரக்கைச் சீக்கிரம் வெளியேற்ற விரும்புகிறது. ஆனால் மூன்றில் ஒன்று வீட்டில் கெட்டுப்போனால் நாம் இரண்டை முழு விலைக்கு வாங்கியவர்களே. நம் ஈரப்பதத்தில் கோதுமை மாவில் வண்டு விழ அதிக நாள் எடுப்பதில்லை.

தூரமும் விலையின் ஒரு பகுதியே. 15 டாலர் கணிப்பானில் 5 டாலர் மிச்சம் என்றால் 68 விழுக்காட்டினர் அதே கடையின் வேறு கிளைக்கு 20 நிமிடம் காடியில் போகச் சம்மதித்தார்கள், 125 டாலர் கணிப்பானில் அதே 5 டாலர் என்றால் 29 விழுக்காட்டினரே சம்மதித்தார்கள் என்று டிவர்ஸ்கியும் கானமனும் 1981இல் பதிவு செய்தார்கள். மிச்சத்தை நாம் வெள்ளியில் பார்க்காமல் விழுக்காட்டில் பார்க்கிறோம். இங்கிருந்து ஈப்போவுக்குப் போக ஏறத்தாழ 30 கிலோமீட்டர். போய்வர 5 லிட்டர் பெட்ரோலை லிட்டருக்கு 1.99 வெள்ளி என்ற மானிய விலையில் போட்டாலும் ஏறத்தாழ 10 வெள்ளி ஆகிறது. விழுக்காடு எவ்வளவாக இருந்தாலும், அந்தப் 10 வெள்ளியைத் தாண்டிய மிச்சமே நம்முடையது. புறப்படும் முன் உள்நாட்டு வாணிப அமைச்சின் பிரைஸ்கேட்சர் செயலியில் அத்தியாவசியப் பொருள்களின் விலையை ஒப்பிட்டுக்கொள்ளலாம். 1 கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் மானியத்தில் 2.50 வெள்ளி என்பதைத் தெரிந்துவைத்திருப்பவர், புட்டி எண்ணெயின் கழிவு அட்டையை வேறு கண்ணோடு பார்ப்பார்.

பழைய விலை என்று எழுதியது ஒருபோதும் இருந்திராத விலை என்று தெரிந்தால், அது வெறும் ஏமாற்றத்தோடு முடிய வேண்டியதில்லை. விலையைப் பற்றித் தவறான எண்ணம் ஏற்படுத்துவதை 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதியலாம். விலை அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து ரசீதோடு வைத்திருப்பது அதற்குப் போதுமான தொடக்கம்.

தோட்டத்துக் கடையில் கடன் எழுதிய சின்னஞ்சிறு 555 புத்தகத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். என் தாயாருக்கு அதில் எழுதும் அதிகாரம் இருந்ததில்லை. எழுதியவர் கடைக்காரர், அம்மா கேட்டுக்கொண்டு நின்றவர். இப்போது நான் அதே 555 புத்தகத்தை வாங்கி, பொருள், 100 கிராம் விலை, தேதி, காரணம் என்று நான்கு பத்திகளாகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இருபது முப்பது பொருள்களுக்கு மேல் அதில் இல்லை, ஏனென்றால் ஒரு குடும்பம் திரும்பத் திரும்ப வாங்குவது அவ்வளவுதான். சென்ற தீபாவளி முடிந்த மறு வாரம் எழுதிய வரி இது: மண் அகல் விளக்கு, ஒரு பெட்டியில் 12; முன்பு 9.90, இப்போது 4.50, காரணம், பருவம் முடிந்தது, மண் கெடாது. இரண்டு பெட்டிகள் அலமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன.