டொக்டரைத் தியேட்டர் வாசலுக்குக் கூப்பிடாதீர்கள்

இந்த மாதத்தில் மட்டும் இது நாலாவது. வெள்ளவத்தையில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைக் கதைப் பட்டறைக்கு வந்த நாலு கதைகளிலும் ஒரே காட்சி. ஒப்பரேஷன் தியேட்டர் கதவு திறக்கிறது. டொக்டர் வெளியே வந்து, "தாயா, பிள்ளையா? ஒரு உயிரைத்தான் காப்பாற்றலாம்" என்கிறார். கணவன் சுவரில் சாய்கிறான்.

எந்த டொக்டரும் இப்படி வாசலில் வந்து வாக்கெடுப்பு நடத்துவதில்லை. அது போகட்டும். கதையில் ஓர் உயிரைத் தொங்கவிட்டால் தர்மசங்கடம் தானாகப் பெரிதாகிவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உயிர் என்றதும் வாசகர் பதறுவார், உண்மைதான். ஆனால் பதற்றம் வேறு, சங்கடம் வேறு. அந்தக் கணவனுக்கு மனைவியுடன் என்ன கணக்கு, அவளிடம் என்ன வாக்குக் கொடுத்தான், எதை மறைத்தான் என்று நாலு கதையிலும் ஒரு வரி இல்லை. யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அப்படித்தான் சுவரில் சாய்வான்.

கட்டுக்கடங்காமல் ஓடும் ட்ராம் வண்டியைத் தடம் மாற்றினால் ஒருவர் சாவார், விட்டால் ஐந்து பேர் சாவார்கள் என்ற அந்தப் பிரபலமான புதிரையும் சிலர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பிலிப்பா ஃபுட் என்ற மெய்யியலாளர் 1967இல் கருக்கலைப்புப் பற்றிய ஒரு வாதத்துக்காகச் சொன்ன உதாரணம் அது. வாதத்துக்கு ஆட்களின் பெயரும் முகமும் தேவையில்லை. கதைக்கு அவைதானே முதல்.

நம்மிடம் கும்பகர்ணன் இருக்கிறான். அண்ணன் செய்தது பிழை என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னவன். தம்பி வந்து இராமன் பக்கம் கூப்பிட்டபோது, செஞ்சோற்றுக் கடனை நினைத்து மறுத்தான். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. கம்பன் அவனுக்குத் தப்பும் வழி எதையும் திறந்துவிடவில்லை.

தப்பும் வழி என்றதும் பட்டறைக்கு வரும் ஒரு தம்பியின் கதை ஞாபகம் வருகிறது. நல்ல கதை. 2022 ஓகஸ்ட், தட்டுப்பாட்டில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்த புதிது. ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். கொட்டாஞ்சேனை ஓட்டோக்காரர் ஒருவரிடம் வியாழக்கிழமை மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ஓட்டத்துக்கான பெற்றோல். அடுத்த வீட்டு மாமிக்கு டயலிசிஸ். அதே நேரம் விமான நிலையத்துக்கு ஒரு ஹயர். அந்தக் காசு வந்தால் மகளின் ரியூசன் கட்டணம் கட்டலாம். இரண்டு மாதப் பாக்கி. பிள்ளை வகுப்புக்குப் போகக் கூச்சப்படுகிறாள். படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த பக்கத்தில் ஹயருக்கு வந்தவன் போதைப்பொருள் கடத்துகிறவன் என்று தெரியவருகிறது!

"ஏன் தம்பி?"

"இல்லாட்டி அந்த மனுசன் பாவம், சேர்."

பாவம்தான். அந்தப் பாவத்தை எழுதத்தானே உட்கார்ந்தீர்கள்? ஒரு பக்கத்தைக் கெட்டதாக்கிவிட்டால் தெரிவு எங்கே இருக்கிறது? கடத்தல்காரனையும் நோயாளியையும் பக்கத்தில் நிறுத்தினால் சின்னப் பிள்ளையும் சரியாகச் சொல்லும். கடைசி நிமிடத்தில் பெற்றோல் கிடைப்பது, மாமியே "நான் நாளைக்குப் போறன்" என்பது, எல்லாம் இதே ரகம். தயவுசெய்து உங்கள் ஆட்களைக் காப்பாற்றாதீர்கள்.

அப்புறம், நேரத்தைக் குறையுங்கள். ஆறு மாதம் யோசிக்க விட்டால் எவனும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவான். மனதுக்குள் மூன்று பக்கம் வாதாடுவதையும் வெட்டுங்கள். அந்த ஓட்டோக்காரர் சாவியைப் போட்டுத் திருப்புவதும் பிறகு எடுப்பதும் போதும். தெரிவு முடிந்ததும் கதையை மூடிவிடாதீர்கள். எடுத்த முடிவோடு அவர் வீட்டுக்குப் போகவேண்டும். சோறு போட்டுக் கொடுக்கும் மகளைப் பார்க்கவேண்டும்.

அந்தத் தம்பி திருத்திக் கொண்டுவந்துவிட்டார். இப்போது ஓட்டோ மாமியை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறது. ஒன்றுதான் மிச்சம், அடுத்த ஞாயிறு கேட்கவேண்டும்: இறங்கும்போது மாமி காசை நீட்டினாவா? அவர் வாங்கினாரா?