கவரில் வந்தாலும் அது வருமானம்தானுங்க

என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு இந்த மாதமும் ஒரு மேடைப் பேச்சாளர் வந்தார். பவானிப் பக்கத்துப் பெண். பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழாப் பட்டிமன்றம், திருப்பூர் கம்பெனிகளில் தொழிலாளர்களுக்கு ஊக்கப் பேச்சு என்று வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பவர். சொந்தமாக ஒரு வீடு வாங்க வங்கிக்குப் போயிருக்கிறார். மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுகூடத் தாக்கல் செய்ததில்லை. கடன் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர் கொண்டுவந்தது ஒரு மஞ்சள் பை. அதற்குள் அத்தனையும் கவர்கள். மொய்க் கவர், கோயில் கமிட்டி கவர், ரோட்டரி சங்கக் கவர். ஒவ்வொன்றின் பின்னாலும் பால்பாயிண்ட் பேனாவில் "அந்தியூர் 6,000, டீசல் 900", "தாராபுரம் 8,000, சால்வை" என்று எழுதியிருந்தார். ஒரு சிலவற்றில் தொகை இல்லை, "அப்புறம் தர்றாங்களாம்" என்று மட்டும் இருந்தது. இவ்வளவு ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் அதை ஒரு நோட்டில் எழுதித் தேதி போட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். "ஏனம்மணி, இத்தனை வருசமா ஏன் ஃபைல் பண்ணலை?" என்றேன். "பேசறதுக்கெல்லாமுங் கணக்குக் காட்டோணுங்களா சார்? அவங்க அன்பாக் குடுக்கறதுதானுங்களே" என்றார்.

அந்த "அன்பாக் குடுக்கறது" என்ற பேச்சை எத்தனை பேச்சாளர்களிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதனால் அதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உறவினர் அல்லாதவர்கள் தரும் அன்பளிப்பு ஆண்டுக்கு மொத்தம் 50,000 ரூபாய் வரை வரிக்கு உட்படாது என்று ஒரு விதி இருக்கிறது. இது எப்படியோ நம் மேடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வேறு எந்த விதியும் தெரியாது, இது மட்டும் தெரியும். ஆனால் அந்த விதி உங்கள் கல்யாணத்துக்கு நண்பர் வைக்கிற மொய்க்கும் கிடையாது, நீங்கள் தொண்டை கிழியப் பேசிவிட்டு வாங்குகிற பணத்துக்கும் கிடையாது. மொய்க்குத் தனி விதி இருக்கிறது. பேச்சுக்கு வாங்குவது அன்பளிப்பே அல்ல. அவர்கள் கூப்பிட்டார்கள், நீங்கள் போனீர்கள், பேசினீர்கள், அதற்காகக் கொடுத்தார்கள். போகாமல் வீட்டில் படுத்திருந்தால் அந்தக் கவர் வந்திருக்குமா? வராது அல்லவா? அப்படியானால் அது தொழில் வருமானம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தாலும், பொன்னாடைக்குள் சுருட்டிக் கொடுத்தாலும், "இதெல்லாம் ஒரு பூசாரி தட்சணை மாதிரிங்க" என்று தலைவர் மைக்கிலேயே சொல்லிக் கொடுத்தாலும் அது மாறாது. ரொக்கமாக வாங்கினால் கணக்கில் வராது என்பதும் இதே கதைதான். மோதிரம் போட்டார்கள், வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார்கள் என்றால் அதன் மதிப்பும் வருமானத்தில் சேரும். ஒரு நிறுவனம் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கொடுத்தால் அதற்கும் 10 சதவீத வரிப் பிடித்தம் (கொடுப்பவரே உங்கள் பெயரில் வரியைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டுவது) உண்டு.

சரி, இதில் எனக்கு எரிச்சல் வருவது எங்கே தெரியுமா? இப்படி ஒளிகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கட்ட வேண்டிய வரியே கிடையாது! 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில், சம்பளம், தொழில் போன்ற வழக்கமான வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த எல்லை 7 லட்சம். இந்தப் பெண்ணுக்குச் செலவு போக வருடத்துக்கு நான்கு லட்சத்துச் சொச்சம் நிற்கிறது. ஒரு பைசா வரி இல்லை. இல்லாத வரிக்குப் பயந்து, கிடைக்க வேண்டிய வீட்டுக் கடனை இழந்திருக்கிறார்.

இழந்தது கடன் மட்டுமில்லை. திருப்பூர் கம்பெனி ஒன்று வருடத்தில் நான்கு முறை கூப்பிட்டு முறைக்கு 15,000 கொடுத்திருக்கிறது. மொத்தம் 60,000. ஒரே இடத்தில் ஆண்டுக்கு 50,000 தாண்டினால் (2025 ஏப்ரலுக்கு முன்னால் இது 30,000) கம்பெனிகள் வழக்கமாக 10 சதவீதம் பிடித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஆறாயிரம் போச்சு. "வரி பிடிச்சுட்டாங்களே, அதோட முடிஞ்சுதுங்க" என்று இவரும் விட்டுவிட்டார். முடியவில்லை அம்மணி, அது உங்கள் பெயரில் அரசாங்கத்திடம் நிற்கிற உங்கள் காசு. கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரும். பழைய வருடங்களுக்கு இப்போது போய்ப் புதுப்பித்த கணக்கு (கெடு முடிந்த பிறகு கொடுப்பது) தாக்கல் செய்யலாமே என்றால், அந்த வழியில் பணம் திரும்பக் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக விண்ணப்பிக்க ஒரு வழி இருக்கிறது. காரணமும் காட்ட வேண்டும், நிறையப் பொறுமையும் வேண்டும். இதில் இன்னொன்று, பான் எண் கொடுக்க யோசித்து இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். பான் கொடுக்காவிட்டால் 10 அல்ல, 20 சதவீதம் பிடிப்பார்கள்.

உங்கள் பான் எண்ணில் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பதை வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ் படிவத்திலும் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் நீங்களே பார்க்கலாம். நீங்கள் பார்க்காவிட்டாலும் துறை பார்க்கிறது.

அடுத்து பட்டிமன்ற நடுவர்கள். இவர்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். ஒரு கல்லூரி, பட்டிமன்றக் குழு முழுவதற்கும் மொத்தமாக 1,20,000 பேசுகிறது என்று வையுங்கள். நடுவர் பெயரிலேயே பணம், நடுவர் பான் எண்ணிலேயே பிடித்தம் 12,000. வங்கியில் விழுவது 1,08,000. இவர் அணிக்கு மூன்று பேர் என்று ஆறு பேருக்குத் தலா 12,000 வேனிலேயே எண்ணிக் கொடுத்துவிடுகிறார். வேன் வாடகை, சாப்பாடு 12,000. கையில் நின்றது 24,000. ஆனால் துறையின் பார்வையில் இவர் வருமானம் 1,20,000! ஆறு பேருக்குக் கொடுத்ததற்கு ரசீது இல்லை. ரசீது இருந்தாலும்கூட, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததைச் செலவாக ஏற்கமாட்டார்கள்.

இதே போல ஆண்டுக்கு 17 மேடை ஏறினால் மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டிவிடும். அப்போது ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். எல்லை மொத்த வரவுக்குத்தான், உங்கள் லாபத்துக்கு அல்ல. ஊரில் ஒரு கடையை வாடகைக்கு விட்டிருந்தால் அதுவும் இந்தக் கூட்டலில் சேரும். ஐந்து லட்சம்கூடக் கையில் நிற்காத மனிதர் 18 சதவீத வரி வலையில் போய் மாட்டுவதைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது. தயவுசெய்து ஏற்பாட்டாளரிடம் சொல்லி, ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கிலேயே பணம் போடச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் குறைந்தபட்சம் வேனில் எண்ணிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு ஜிபேயில் அனுப்புங்கள்.

ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்காரர் ஒரு மூட்டை எடை குறைந்தாலும் சீட்டு எழுதாமல் இறக்கமாட்டார். ஐந்து மாவட்டத்தில் மேடை ஏறுகிற மனிதருக்கு ஒரு சீட்டுப் புத்தகம் கிடையாது. கேட்டால், "கலைக்கு எதுக்குங்க பில்லு" என்கிறார்கள். நம் ஊரில் அண்ணன்மார் கதை பாடுகிற உடுக்கைப் பாட்டுக்காரர்களே பாட வருமுன் என்ன கூலி என்று பேசிக்கொண்டுதான் வருகிறார்கள். கூலி பேசியதால் யாருக்கும் சாமி வராமல் போனதில்லை.

2005இல் ஈரோடு புத்தகத் திருவிழா தொடங்கியதிலிருந்து ஆகஸ்ட் மாத மாலை மேடையைப் பார்த்துவிட்டு, நாமும் இதுபோலப் பேசிப் பிழைக்கலாமே என்று நினைக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கம் அதிகம். நல்ல ஆசைதான். பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள், ரீல்ஸ் எடுக்க ஆள் வைக்கிறார்கள். இந்தத் தொழில் பருவத் தொழில் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. தை, மாசி, பங்குனியில் மூச்சுவிட நேரமிருக்காது. ஐப்பசி மழையில் ஒரு போன் வராது. சம்பளச் சீட்டு இல்லாத தொழிலில் உங்களுக்குச் சாட்சி சொல்வது வங்கிக் கணக்கும் தாக்கல் செய்த கணக்கும் மட்டும்தான். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் மேடைதான் என்று முடிவெடுக்கும் முன்பு இரண்டு வருடமாவது கணக்குத் தாக்கல் செய்துவிடுங்கள். உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் அப்போதுதான் உங்களுக்கே தெரியும். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு பேசப் போகிறவர்கள் துறையில் முன் அனுமதி வாங்கிவிட்டு மேடை ஏறுங்கள். யாரோ மொட்டைக் கடிதம் போட்ட பிறகு ஓடிவருவதில் பயனில்லை.

போனில் தேதி கொடுத்த உடனே வாட்ஸ்அப்பில் ஐந்து வரி அனுப்புங்கள்: தேதி, இடம், தொகை, பயணச் செலவு யாருடையது, பணம் எந்த நாள் எந்தக் கணக்கில் வரும். "சரிங்க" என்று அவர் ஒரு வார்த்தை திருப்பி அனுப்பினால் போதும். நிகழ்ச்சி முடிந்த இரவில் "பொருளாளர் வீட்டுக்குப் போயிட்டாருங்க, நாளைக்குப் போட்டுடறோம்" என்ற பேச்சு பாதியாகக் குறையும். ரத்தானால் முன்பணம் யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பேச்சுத் தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று. ரொக்கம் வாங்கினால் அந்த வாரமே அதில் கட்டிவிடுங்கள். டீசல், பஸ் டிக்கெட், லாட்ஜ், புத்தகம் எல்லாவற்றுக்கும் பில்லை எடுத்து வையுங்கள். பட்டுச் சேலையையும் ஜவுளிக்கடை வேட்டியையும் செலவில் எழுதச் சொல்லி என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், எழுதமாட்டேன்.

"வரவில் பாதியை லாபம்னு காட்டிட்டாப் போதுமாமே, யூடியூப்ல சொன்னாங்க" என்று கேட்பவர்களுக்கு: அந்த எளிய வழி மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் என்று சட்டம் பெயர் சொன்ன தொழில்களுக்கானது. மேடைப் பேச்சாளர் என்று அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் வேலை எதில் அடங்கும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை, எங்கள் தொழிலில் ஆள் பிடிக்கவும் கூடாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டதால், பழைய வீடியோவில் கேட்ட எண்ணை வைத்துக்கொண்டு வாதாடவும் வேண்டாம்.

கடைசியாகக் கமிட்டிக்காரர்களுக்கும் கல்லூரி அலுவலகத்துக்கும் ஒரு வேண்டுகோள். வரி பிடித்தால் பிடித்ததை நேரத்துக்குக் கட்டுங்கள். பான் எண்ணை ஒரு எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். பிடித்தச் சான்றிதழை நீங்களே பேச்சாளருக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த வருசமும் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்ற பயத்திலேயே அவர்கள் உங்களிடம் அதைக் கேட்கமாட்டார்கள்.