நெஞ்சு வலிக்காத மாரடைப்பு

வாயு பிடித்திருக்கிறது என்று ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் பெண்களை எல்லோரும் பார்த்திருப்போம். மூச்சு வாங்கும், தாடையும் முதுகும் வலிக்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு மட்டும் வலிக்காது. மாரடைப்பு இப்படியும் வரும். அமெரிக்காவில் 1994 முதல் 2006 வரை மாரடைப்போடு சேர்க்கப்பட்ட 11 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிவுகளை அலசியபோது, நெஞ்சு வலி இல்லாமல் வந்தவர்கள் பெண்களில் 42 சதவீதம், ஆண்களில் 31 சதவீதம். ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் பெண்களில் 14.6 சதவீதம், ஆண்களில் 10.3.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் வயது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிட ஏறக்குறைய 9 ஆண்டு தாமதமாகத்தான் வந்திருந்தது. அந்த வயதுக்குள் சுகரும் பிரஷரும் சிறுநீரகக் கோளாறும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. இதில் சுகர் செய்கிற வேலைதான் மோசமானது. பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் இதயத்திலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகளே மழுங்கிவிடும், அதனால் அடைப்பு வந்தது தெரியாமல் மணிக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், ரத்தம் கிடைக்காத இதயத் தசை அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். அப்புறம் ஆஞ்சியோ செய்து பார்த்தால் அடைப்பு ஒரே இடத்தில் இருக்காது, மெல்லிய குழாய்கள் நெடுக அங்கங்கே படிந்திருக்கும், ஒரு ஸ்டென்ட் வைத்து முடிக்கிற காரியமாக அது இருப்பதில்லை. ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயம் ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கலாம்.

பிரஷர் வேறு விதம். வருடக்கணக்கில் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடித்து விறைத்துப்போயிருக்கும், அதன் மேல் அடைப்பும் வந்தால் நுரையீரலில் சட்டென நீர் கோத்துக்கொள்ளும்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஊசி மருந்துகளிலும் ஒரு சிக்கல் உண்டு. உடல் எடை குறைவு, சிறுநீரகமும் மந்தம் என்றால் அளவைப் பார்த்துக் குறைக்காவிட்டால் ரத்தக்கசிவு ஏற்படும், பெண்களுக்கு இது அதிகம். தொடை வழியாக இல்லாமல் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்தால் இந்த ஆபத்து குறைகிறது.

சரி, வயதும் கூட இருக்கும் நோய்களும்தான் எல்லாம் என்றால் இளம் பெண்கள் தப்பித்திருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. 1999-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில் 50 வயதுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் இறந்த பெண்களின் விகிதம் ஆண்களுடையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! 75 வயதைத் தாண்டினால் அந்த வேறுபாடே இல்லை. பழைய நோய்கள், மாரடைப்பின் தீவிரம், முதல் கட்ட சிகிச்சை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் இந்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குதான் விளங்கியது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது கேட்கப்படாத ஒரு கேள்வி. நெஞ்சு வலி என்று வருகிறவருக்கு 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்று நெறிமுறையே இருக்கிறது, ஆனால் "ஒரே அசதியா இருக்கு, மூச்சு வாங்குது" என்று வருகிற 40 வயதுப் பெண் வரிசையில் உட்கார வைக்கப்படுகிறார். கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போனவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம் கர்ப்பகாலத்தில் இப்படி இருந்ததா என்று யாராவது கேட்டால், அவர் சொன்னால், இசிஜி சீக்கிரம் எடுக்கப்படும்.